மைக் செட்டும் தப்பும்: ஒலியில் யாருக்குப் பங்கு?

(கோவில்பட்டியில் இளைஞர்கள் ஏற்பாடு செய்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று பேசச் சொல்லி எனக்குக் கொடுத்த கேள்வி இது: திருவிழாவுக்கு வரும் டிஜே செட்டுக்காரர் தன் மைக்கையும் பாக்ஸையும் அங்கே வரும் மற்ற கலைஞர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டுமா?

"இதற்கெல்லாமா ஒரு கூட்டம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கரிசல் ஊர்களின் திருவிழாக்களில் சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு எனப் பல பக்கமும் செட்டுக்காரர்களோடும் கொட்டுக்காரர்களோடும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இதற்கு ஒரு கூட்டம் தேவைதான்.

முதலில் செட்டுக்காரர் பக்கத்து நியாயத்தைப் பேசிவிடுவோம். அவரை நம் எதிரியாக நிறுத்தி ஆரம்பித்தால் இந்தப் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது.

கரிசல் மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. உளுந்தும் பாசியும் சோளமும் மக்காச்சோளமும் வீடு வந்து சேரத் தையும் மாசியும் ஆகிவிடும். கையில் நாலு காசு புரண்டு, காட்டில் வேலை இல்லாமல் இருக்கிற காலம் பங்குனி முதல் வைகாசி வரை. அம்மன் கோயில் பொங்கலும் கொடையும் பெரும்பாலும் அப்போதுதான். செட்டுக்காரர் வருசம் முழுக்கச் சாப்பிட வேண்டிய சோறு ஏறக்குறைய இந்த மூன்று மாதத்துக்குள் கிடைத்தாக வேண்டும். செட்டு பெரும்பாலும் கடனில் வாங்கியது. ஆம்ப்ளிபயர், மிக்சர், பாக்ஸ், டாப், பாஸ், லைட்டு, ஜெனரேட்டர், இத்தனையையும் ஏற்றிவர ஒரு குட்டி யானை. மைக்கை ஒருவர் கீழே போட்டாலோ, சவுண்டைத் திடீரென்று ஏற்றி ஸ்பீக்கர் காயில் கருகினாலோ நட்டம் அவர் தலையில். கமிட்டி ஒரு ரூபாய் கூடக் கொடுக்காது. அதனால் அவர் தன் மிக்சரை யாரையும் தொடவிட மாட்டேன் என்று சொன்னால் அது தொழில் தெரிந்த ஆள் பேசுகிற பேச்சு. நான் அதை மதிக்கிறேன்.

ஆனால் ஒரு திருவிழா ராத்திரியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அந்த மைக்கில் யார் யாரெல்லாம் பேசுகிறார்கள்? கமிட்டித் தலைவர் பேசுகிறார். நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை ஒருவர் அரை மணி நேரம் வாசிக்கிறார். கட்சிக்காரர் வந்து வாழ்த்துகிறார். காணாமல் போன பிள்ளைக்கும் கிடைத்த சாவிக்கொத்துக்கும் அறிவிப்பு வருகிறது. வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு மைக் உண்டு. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்துக்கும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு ஊர் இளவட்டம் ஒருவர் வந்து, "அண்ணே, நம்ம பாட்டப் போடுங்க" என்று தன் போனை நீட்டுகிறார். செட்டுக்காரர் அதையும் வாங்கி மிக்சரில் சேர்த்துவிடுகிறார். அது எந்தப் பாட்டு என்று உங்களுக்குத் தெரியும். சாதிப் பெருமைப் பாட்டு. அது கேட்பவர்களின் மகிழ்ச்சிக்காக மட்டும் போடப்படுவதில்லை. கிழக்குத் தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று குறிபார்த்துப் போடப்படுகிறது.

ஆக, செட்டு ஏற்கெனவே பகிரப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஊரில் பாதிப்பேர் கை அதில் பட்டுவிட்டது. தப்பு அடிப்பவர் வந்து நிற்கும்போது மட்டும்தான் 'பகிரலாமா' என்ற கேள்வியே எழுகிறது. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கேள்வி கருவியைப் பற்றியது போலத் தெரிகிறது. அது யாரைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்று கவனித்தால் சாதி தெரிந்துவிடும்.

தப்புக்கு மைக் கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் வரும்: "ஒங்க கொட்டுக்கு எதுக்குப்பா மைக்கு? அது அஞ்சு ஊருக்குக் கேக்குமே!"

கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கும். சரி, இதையே கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். நாதஸ்வரம் என்ன மெல்லிய வாத்தியமா? திறந்தவெளிக்கென்றே உருவான வாத்தியம் அது. மைக் இல்லாத காலத்தில் நாலு மாட வீதிக்கும் கேட்ட வாத்தியம். ஆனால் நையாண்டி மேளத்தில் நாதஸ்வரத்துக்கு முன்னால் ஒரு மைக் எப்போதும் நிற்கிறது. தவிலுக்கும் ஒன்று. அவர்களிடம் போய், "உங்க வாத்தியம் அஞ்சு ஊருக்குக் கேக்குமே" என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் வேண்டாம், அவர்களுக்கு மைக் வேண்டும். இதே கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்கு வாசித்த நாதஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு ஓங்கிய வாத்தியமும் எஸ்.ஜானகியின் குரலும் ஒன்றை ஒன்று விழுங்காமல் அக்கம்பக்கமாக நடக்கின்றன. மைக்கும் மிக்சரும் இருப்பது சத்தத்தைக் கூட்டுவதற்கு மட்டுமல்ல. பல சத்தங்களை ஒரே இடத்தில் சமமாக உட்கார வைப்பதும் அவற்றின் வேலைதான்.

அடுத்தது கணக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அமைதியான ஊரில் தப்பு அஞ்சு ஊருக்குக் கேட்கும் என்பது உண்மைதான். கோயில் முன்னால் ஆளுயரத்துக்குப் பாக்ஸ் அடுக்கி, பாஸ் அதிர்ந்துகொண்டிருக்கும்போது பத்தடி தள்ளி நிற்பவருக்கே தப்பு கேட்காது. அடிப்பவர் இன்னும் ஓங்கி அடிப்பார். தோல் தொய்யும். மறுபடி வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். சுண்டுக்குச்சியின் நுணுக்கமெல்லாம் காணாமல் போய், அடிக்குச்சியின் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அதன் பிறகு, "இவனுகளுக்கு சும்மா அடிக்கத்தான் தெரியும்" என்று ஊர் பேசும். ஒரு கலைஞரை மட்டமானவராக ஆக்குவதற்கு மைக்கை மறுத்தாலே போதும்.

சட்டமும் இங்கே ஒன்று சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் அந்தப் பகுதிக்கு வகுத்த அளவை விட 10 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, அல்லது 75 டெசிபலைத் தாண்டக் கூடாது, இரண்டில் எது குறைவோ அது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியே கூடாது. ஆண்டில் அதிகபட்சம் 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். நம் ஊர்களில் இதை யார் பார்க்கிறார்கள்? செட்டைச் சட்டம் சொன்ன அளவில் வைத்தாலே தப்புக்குப் பாதி நியாயம் கிடைத்துவிடும்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. மைக் வாய்க்குப் பக்கத்தில் போகும் பொருள். எச்சில் படும். நான் போன ஓர் ஊரில் செட்டுப் பெட்டிக்குள் ஒரு மைக்கில் மட்டும் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "அது அவங்களுக்குக் குடுக்கிறது சார், இத நம்மாளுங்க பேசுறது" என்று பையன் இயல்பாகச் சொன்னான். அவன் கெட்ட பையன் இல்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டீக்கடையில் இரட்டைக் குவளை பார்த்திருக்கிறோம். அது இப்போது ஒயரும் பிளக்கும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை 'எந்த வடிவிலும்' தடை செய்கிறது. எழுதியவர்கள் மைக்கை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் தீண்டாமை புதுப்புது வடிவம் எடுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மேடையைப் பகிர மறுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பக்கத்துச் சிவகாசியில் 1886இல் பிறந்தவர் விஸ்வநாததாஸ். நாவிதர் குடும்பம். நாடக மேடையில் தேசியப் பாட்டுப் பாடித் திரும்பத் திரும்பச் சிறை போனவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிரை விட்டவர். அவ்வளவு பெரிய கலைஞரோடு ஜோடியாக நடிக்கச் சாதியைச் சொல்லி மறுத்த நடிகைகள் இருந்தார்கள். அவர் பாட்டு வேண்டும், அவர் பக்கத்தில் நிற்பது மட்டும் ஆகாது. நம் ஊர்க் கமிட்டிகள் இன்றைக்குத் தப்பிடம் சொல்வதும் இதைத்தான். சாமி அழைக்கத் தப்பு வேண்டும். ஆட்டத்துக்கு வேண்டும். சாவுக்கு வேண்டும். மைக் முன்னால் மட்டும் வேண்டாம்.

பகிரச் சொன்னால் ஊர் இன்னொரு வேலையும் செய்யும். "அப்ப யாருக்குமே மைக் வேண்டாம்" என்று மொத்தத்தையும் நிறுத்திவிடும். இதையும் நாம் பார்த்திருக்கிறோம். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனோடு நின்று செத்தவர். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள், கலவரம் மூண்டது. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைப் பொதுவில் வைப்பதைவிட, பொதுவில் பெயரே இல்லாமல் செய்வது சுலபமாக இருந்தது. அதனால் 'மைக்கே வேண்டாம்' என்று கமிட்டி சொல்லும்போது, அதை நடுநிலையான தீர்வு என்று நாம் நம்பிவிடக் கூடாது.

சரி, அந்தச் சத்தம் யாருடையது? செட்டு ஒருவருடைய சொத்து. அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று ராத்திரி அதற்கு வாடகை கொடுப்பது யார்? ஊர். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு வசூலித்த பணம். அப்படியானால் அந்தச் சத்தம் வரி கொடுத்த எல்லோருக்கும் பொது.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல ஊர்களில் தலித் தெருவில் வரியே வாங்க மாட்டார்கள். "அவங்க பாவம், ஏழைங்க" என்று இரக்கமாகச் சொல்வார்கள். நம் ஆட்கள், "நாங்களும் வரி கொடுக்கிறோம்" என்று போய் நின்றால்தான் முகம் மாறும். வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும். முளைப்பாரி வரும், சப்பரம் தெருவுக்கு வரும், பரிவட்டம் வரும், மைக்கும் வரும். அதனால் வரியை வாங்காமலே விலக்கிவிடுகிறார்கள். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரை வழிபாட்டு இடத்தில் நுழையவிடாமல் தடுப்பதோடு, சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கெடுக்கவிடாமல் தடுப்பதையும் குற்றம் என்கிறது. மைக் மறுப்பது என்று அதில் தனியாக ஒரு வரி கிடையாது. ஆனால் பங்கேற்பு என்பதற்கு அர்த்தம் என்ன? ஓரமாக நின்று கூலிக்குக் கொட்டடிப்பது பங்கேற்பு ஆகிவிடுமா?

இப்போது நம் பக்கத்திலிருந்தே வரும் ஒரு கேள்விக்கு வருகிறேன். "தப்பையே விட்டொழிக்க வேண்டும் என்று சொன்ன இயக்கம் நாம். அதற்குப் போய் மைக் கேட்கிறீர்களே?" என்று மூத்த தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 1927இல் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியையும் எச்சில் சோற்றையும் விட்டுவிடச் சொன்னார். அந்த வழியில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் நம் மக்கள், "இனி சாவுக்குக் கொட்டடிக்க மாட்டோம்" என்று தப்பைக் கீழே வைத்தார்கள். அடி வாங்கினார்கள், வேலை இழந்தார்கள். அந்த மறுப்பு இல்லாமல் இன்றைய பேச்சே இல்லை.

1990களில் இன்னொரு வழி திறந்தது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம், திண்டுக்கல் சக்திக் கலைக்குழு போன்றவை அதே பறையைக் கலையாக, எதிர்ப்பின் குரலாக மேடைக்குக் கொண்டுவந்தன. சக்திக் குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நான் இந்த இரண்டு வழியையும் எதிரெதிராகப் பார்க்கவில்லை. கட்டாயத்தின் பேரில், பெயர் இல்லாமல், கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடிப்பது அடிமை வேலை. அதை மறுக்க வேண்டும். விரும்பி, கூலி பேசி, பெயர் சொல்லி, மைக் முன்னால் நின்று அடிப்பது கலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசங்களில் ஒன்றுதான் மைக். மைக்கில் வரும் அறிவிப்பைக் கேட்டுப் பாருங்கள். நையாண்டி மேளக்காரருக்கு ஊர், பெயர், பட்டம் எல்லாம் வரும். அறுபது வயது தப்புக் கலைஞருக்கு, "கொட்டுக்காரங்க எங்கப்பா, சட்டுனு வாங்க" என்று இருபது வயதுப் பையன் குரல் கொடுப்பான். பத்மஸ்ரீ வாங்கும் கருவிக்கு ஊர் மைக்கில் ஒரு பெயர் இல்லை.

"அப்படியானால் நாமே செட்டு வாங்கி வைத்துக்கொள்வோம், அவர்களிடம் எதற்குக் கேட்க வேண்டும்?" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். வாங்க வேண்டும். உலகத்தில் இதற்கு நல்ல வரலாறு இருக்கிறது. 1950களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் கறுப்பின மக்களுக்கு மேல்தட்டு கிளப்புகளும் இசைக்குழுக்களும் எட்டாதவை. அவர்கள் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தாங்களே கட்டித் தெருவில் நிறுத்தினார்கள். சவுண்ட் சிஸ்டம் என்றே அதற்குப் பெயர். நம் ஊர் மைக் செட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். அந்த ஊரில் பிறந்து நியூயார்க்குக்குக் குடிபோன கூல் ஹெர்க் என்ற இளைஞர் 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியில் ஒரு விருந்துக்குப் பாட்டுப் போட்டார். அவர் இசைத்தட்டைப் பார்த்துக்கொள்ள, கூட்டத்தைப் பார்த்துப் பேசும் வேலையை மைக்கோடு நண்பர் கோக் லா ராக் எடுத்துக்கொண்டார். ஹிப்ஹாப்பின் தொடக்கம் என்று அந்த இரவைத்தான் சொல்கிறார்கள். டிஜே தன் மைக்கை இன்னொருவர் கையில் கொடுத்ததிலிருந்து ஓர் இசை பிறந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒரே மிக்சருக்குள் வந்தன. எதுவும் எதையும் கெடுத்துவிடவில்லை.

ஆனால் சொந்தச் செட்டு மட்டும் போதாது. நம் இளைஞர்கள் கடன் வாங்கிச் செட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களை நம் தெருக்களுக்கு மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். ஊர்க் கோயிலுக்கு அந்தச் செட்டு ஏறுவதில்லை. தனிச் செட்டு, தனி மைக், தனிப் பொங்கல் என்று எல்லாம் தனித்தனியாக ஆகிவிட்டால் சாதிக்கு அதைவிட வசதி வேறென்ன இருக்கிறது? சொந்தச் செட்டும் வேண்டும், பொதுச் செட்டில் பங்கும் வேண்டும்.

கடைசியாக, நடைமுறைக்கு வருவோம். செட்டுக்காரரிடம் ராத்திரி பத்து மணிக்குப் போய், "தோழர், பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றால் நடக்காது. அது அவருடைய பெருந்தன்மைக்கு விட வேண்டிய விசயமும் அல்ல. வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கே பேச வேண்டும்.

விழாவுக்கு வரும் எல்லாக் கலைஞர்களுக்கும் ஒரே செட்டு, ஒரே மைக் என்று கமிட்டி ஒப்பந்தத்திலேயே சொல்ல வேண்டும். தப்புக்கு இரண்டு மைக் போதும். ஸ்டாண்டில், கருவியிலிருந்து இரண்டடி தள்ளி. விலை உயர்ந்த மைக்கெல்லாம் வேண்டாம், பாட்டுக்கு வைத்திருக்கும் சாதாரண மைக்கே தாங்கும். மிக்சரைச் செட்டுக்காரரோ அவருடைய ஆளோ மட்டுமே தொட வேண்டும். கூடுதல் மைக்குக்கும் வேலைக்கும் அவருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். ஏதாவது உடைந்தால் கமிட்டி பொறுப்பேற்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. தப்பு முழங்கும் நேரம் டிஜே பாட்டு நிற்க வேண்டும். கலைஞர்களின் பெயரும் ஊரும் மைக்கில் வர வேண்டும். எச்சில்தான் கவலை என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஸ்பாஞ்சை மாற்றட்டும், துடைக்கட்டும். சாதிப் பாட்டு கூடாது. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது சாதி, மதம், கட்சியைத் தொடும் பாட்டோ ஆட்டமோ கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே நிபந்தனை போடுகிறது. அந்த நிபந்தனையைக் கமிட்டிக்கு நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளைகள். அதில் தவறில்லை, வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என் வேண்டுகோள் தனியாக ஒன்று உண்டு. கமிட்டிக் கூட்டத்துக்குள் போய் உட்கார எங்களால் முடியாது. உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் அங்கே இருக்கிறார்கள். "தப்புக்கு மைக் உண்டா? கிழக்குத் தெருவில் வரி வாங்கியாச்சா?" இந்த இரண்டு கேள்வியையும் அங்கே கேளுங்கள். வீட்டில் இரண்டு நாள் சோறு கசக்கும், பரவாயில்லை.

பங்குனி வருவதற்குள் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுத்த பிறகு பேசிப் பயனில்லை.

ஜெய்பீம்.